சர்க்கரையேற்றப் பொறியியல்

சர்க்கரையேற்றப் பொறியியல் என்பது, மருந்துப் புரதங்களின் மேல் வேண்டிய சர்க்கரைச் சங்கிலிகளே அமையும்படி, அப்புரதங்களைச் சுரக்கும் பாலூட்டி உயிரணுக்களின் மரபணுக்களைத் திருத்தும் துறை. புற்றுநோய்க்கான ஆன்டிபாடிகளின் வலிமை, ரத்தசோகை மருந்துகள் உடலில் தங்கும் காலம், சில நோயாளிகளுக்கு ஏற்படும் கடும் ஒவ்வாமை ஆகிய மூன்றும் இந்தச் சங்கிலிகளோடு நேரடியாகத் தொடர்புள்ளவை.

புரதத்தில் எந்த அமினோ அமிலத்துக்குப் பின் எது வர வேண்டும் என்பதை மரபணு வரி பிசகாமல் சொல்லிவிடுகிறது. அதன் மேல் ஏறும் சர்க்கரைக்கு அப்படியொரு வரைவு கிடையாது. எண்டோபிளாச வலைப்பின்னலில் 14 சர்க்கரை அலகுகள் கொண்ட கிளைச் சங்கிலி மொத்தமாகப் புரதத்தின் ஆஸ்பராஜினில் பொருத்தப்படுகிறது. பிறகு அங்கும் கோல்கை உறுப்பிலும் இருக்கும் நொதிகள் சில அலகுகளை வெட்டி நீக்கி, வேறு சிலவற்றைச் சேர்க்கின்றன. எந்த நொதி எவ்வளவு இருக்கிறது, புரதம் எவ்வளவு விரைவாகக் கடந்து போகிறது, வளர்ப்புத் திரவத்தில் எவ்வளவு அம்மோனியா தேங்கியிருக்கிறது என்பனவெல்லாம் முடிவைத் தீர்மானிக்கும். ஆகவே ஒரே தொட்டியில், ஒரே மரபணுவிலிருந்து வந்த மூலக்கூறுகள்கூடச் சர்க்கரையில் ஒன்றுபோல் இருப்பதில்லை.

சர்க்கரை இல்லாத இன்சுலினை பாக்டீரியாவிலேயே தயாரித்துவிடலாம். சிக்கலான சங்கிலிகள் தேவைப்படும் புரதங்களுக்குப் பெரும்பாலும் பாலூட்டி உயிரணுதான் வேண்டும். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கொலராடோவில் தியோடர் பக் சீன வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து வளர்த்தெடுத்த சி.எச்.ஓ. உயிரணு வழிகள் இத்தொழிலின் முதுகெலும்பாகிவிட்டன. ரத்தக்கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. புரதம் இவற்றில் தயாராகி 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சங்கிலியின் நுனியில் சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரை அலகு இருந்தால் புரதம் ரத்தத்தில் நீடிக்கும். அது உதிர்ந்து கேலக்டோஸ் வெளியே தெரிந்தால், கல்லீரலில் உள்ள ஏற்பி அப்புரதத்தைப் பிடித்து விரைவில் அகற்றிவிடும். ரத்தசோகை மருந்தான எரித்ரோபாய்டினின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு சர்க்கரைதான் என்பதால், அதன் ஆயுளே இந்த நுனியில் அடங்கியிருக்கிறது. ஆஸ்பராஜினில் சங்கிலி ஏறும் இடங்களை மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்திய அதன் மாற்று வடிவமான டார்பிபாய்டின், ரத்தத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிக நேரம் தங்குகிறது. இங்கே மாற்றப்பட்டது புரதம். உயிரணுவையே மாற்றும் வழியும் உண்டு: சி.எச்.ஓ. உயிரணுக்கள் சியாலிக் அமிலத்தை 2,3 பிணைப்பில் மட்டுமே சேர்ப்பவை. மனித உடலில் காணப்படும் 2,6 பிணைப்புக்கான நொதியின் மரபணுவை அவற்றுக்குள் புகுத்தி இக்குறையை ஆய்வாளர்கள் ஈடுசெய்திருக்கிறார்கள்.

இத்துறையின் தலைசிறந்த சாதனை, சேர்த்ததால் அல்ல, ஒரேயொரு சர்க்கரையை நீக்கியதால் கிடைத்தது. ஐ.ஜி.ஜி. வகை ஆன்டிபாடியின் ஒவ்வொரு கனச் சங்கிலியிலும் 297-ஆம் இடத்திலுள்ள ஆஸ்பராஜினில் ஒரு சர்க்கரைக் கிளை இருக்கிறது. அதன் அடிப்பகுதியில் ஃபியூகோஸ் என்னும் அந்தச் சர்க்கரையைச் சேர்ப்பது எஃப்.யு.டி.8 என்ற நொதி. ஆன்டிபாடி புற்றணுவில் ஒட்டிய பிறகு, இயற்கைக் கொல்லி செல்கள் தம் ஏற்பியால் ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பற்றினால்தான் தாக்குதல் தொடங்கும். அந்த ஏற்பியிலும் ஒரு சர்க்கரைச் சங்கிலி உண்டு. இரு சங்கிலிகளும் நெருங்கிப் பொருந்துவதற்கு ஃபியூகோஸ் இடையூறாக நிற்கிறது. அது இல்லாவிட்டால் பிடிமானம் 50 மடங்கு வரை கூடுவதாக 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஜப்பானின் கியோவா ஹக்கோ நிறுவன ஆய்வாளர்கள் சி.எச்.ஓ. உயிரணுவில் எஃப்.யு.டி.8 மரபணுவின் இரு நகல்களையும் முடக்கி, 2004-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாறிய உயிரணுக்களைப் பிரித்தெடுக்க அவர்களுக்கு உதவியது, நம் சமையலறை மைசூர் பருப்பிலிருந்து கிடைக்கும் லெக்டின் புரதம். ஃபியூகோஸ் தாங்கிய சங்கிலிகளை அது பற்றிக்கொண்டு அந்த உயிரணுக்களைக் கொன்றுவிடும். ஃபியூகோஸ் அற்றவை பிழைத்துக்கொள்ளும். எளிமையும் கூர்மையும் ஒருங்கே அமைந்த சோதனை இது. இவ்வழியில் உருவான மோகாமுலிஜுமாப் என்னும் ரத்தப் புற்றுநோய் மருந்து 2012-இல் ஜப்பானில் அனுமதி பெற்றது. கடும் ஆஸ்துமாவுக்கான பென்ராலிஜுமாபும் ஃபியூகோஸ் நீக்கப்பட்டதே.

சூரிச்சில் பாப்லோ உமானாவின் குழு வேறொரு வழியில் சென்றது. என்-அசிட்டைல்குளுக்கோசமைன் அலகு ஒன்றைச் சங்கிலியின் நடுவில் பொருத்தும் நொதியை மிகையாகச் சுரக்கவைத்தால், அந்தச் சங்கிலியில் ஃபியூகோஸ் ஏறுவது வெகுவாகக் குறைகிறது. 1999-இல் வெளியான அந்த ஆய்வின் வழித்தோன்றல், 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரத்தப் புற்றுநோய் மருந்து ஒபினுட்டுஜுமாப். ஆனால் மரபணுவை முடக்கும்போது ஃபியூகோஸ் முற்றிலும் இல்லாமல் போகிறது; இம்முறையில் ஓரளவு மிஞ்சுகிறது. சீரான மருந்து வேண்டுமென்றால் முன்னதே மேல்.

மனிதர்களிடம் இல்லாத சர்க்கரை மருந்தில் ஏறிவிட்டால் ஆபத்து நேரலாம். குடல் புற்றுநோய்க்கான செட்டுக்சிமாப் எலி உயிரணுக்களில் தயாரானது. அதில் ஆல்ஃபா-கேல் என்னும் கேலக்டோஸ் அமைப்பு இருந்தது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் சிலர் முதல் ஊசியிலேயே கடும் ஒவ்வாமைக்கு உள்ளானார்கள். 2008-இல் வெளியான ஆய்வில், மருந்து பெற்ற 76 பேரில் 25 பேருக்கு ஒவ்வாமை ஏற்பட்டது. அவர்களில் 17 பேரின் ரத்தத்தில் சிகிச்சைக்கு முன்பே இம்மருந்துக்கு எதிரான, ஒவ்வாமையைத் தூண்டும் ஐ.ஜி.இ. வகை ஆன்டிபாடி இருந்தது. அது ஆல்ஃபா-கேலையே குறிவைத்தது. அப்பகுதியின் உண்ணிக்கடியே அந்த எதிர்ப்பை உடலில் விதைத்தது என்பது பின்னர் தெரிந்தது. மருந்துக்கு எந்த உயிரணுவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது உயிர் சார்ந்த முடிவு என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

சில மருந்துகளுக்குச் சியாலிக் அமிலமே ஆகாது. கோஷே என்னும் அரிய மரபு நோய்க்குத் தரப்படும் இமிகுளுசரேஸ் நொதி பெருவிழுங்கு செல்களுக்குள் போய்ச்சேர, சங்கிலியின் முனையில் மேனோஸ் தெரிய வேண்டும். அதனால் சி.எச்.ஓ. உயிரணுவில் உருவான பின் அதன் வெளி அலகுகளைத் தனி நொதிகள் கொண்டு சீவி எடுக்கிறார்கள்.

2015-இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் சி.எச்.ஓ. உயிரணுவின் 19 சர்க்கரையேற்ற மரபணுக்களைத் தனித்தனியாகவும் சேர்த்தும் முடக்கி, எதை நீக்கினால் சங்கிலி எப்படி மாறும் என்பதை வரிசைப்படுத்திக் காட்டினார்கள். இன்று மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கத்தரி இவ்வேலையை இன்னும் எளிதாக்கியிருக்கிறது. ஓர் அலகை அடியோடு நீக்குவதில் துறை தேறிவிட்டது. ஆனால் கேலக்டோஸ், சியாலிக் அமிலம் போன்றவற்றை ஒவ்வொரு மூலக்கூறிலும் முழுமையாக ஏற்றுவது இன்னும் கடினமாகவே இருக்கிறது; அதனால் தொழிற்சாலைகள் வளர்ப்புத் திரவத்தில் மாங்கனீசு, யூரிடின், கேலக்டோஸ் ஆகியவற்றைச் சேர்த்து அந்த அளவைக் கூட்டுகின்றன.