பெண்கள் ஆடையும் சுங்கத் தீர்வை வகைப்பாடும்

துறைமுகத்தில் வந்து இறங்கும் ஒவ்வொரு ஆடைக்கும் ஓர் எண் உண்டு. ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்கள் அதை 'எச்.எஸ். கோடு' என்பார்கள். பிரஸ்ஸல்ஸில் இயங்கும் உலக சுங்க அமைப்பு வகுத்த இந்த முறை 1988 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு இலக்கம் தலைப்பு, ஆறு இலக்கம் உட்தலைப்பு. ஆறு இலக்கம் வரை உலகெங்கும் ஒன்றே. அதற்கு மேல் இந்தியா எட்டு இலக்கமாகவும் அமெரிக்கா பத்து இலக்கமாகவும் நீட்டிக்கொள்கின்றன. தீர்வை விகிதத்தை முடிவு செய்வது இந்த எண்தான்.

வகைப்பாட்டில் முதல் கேள்வி: துணி பின்னியதா, நெய்ததா? பின்னலாடை என்றால் 61ஆம் அத்தியாயம். திருப்பூர் ஏற்றுமதியில் பெரும்பகுதி இங்கேதான் வருகிறது. தறியில் நெய்த துணியில் தைத்தது என்றால் 62. பெண்களின் கவுன், பாவாடை, கால்சட்டை முதலியவை பின்னலில் 6104, நெய்ததில் 6204. பிளவுஸ், சட்டை வகைகள் 6106, 6206. பிராவுக்கு விதிவிலக்கு: பின்னியதோ நெய்ததோ, இரண்டுக்கும் 6212தான்.

அடுத்து, அது யாருடைய ஆடை? முன்பக்கம் திறக்கும் ஆடையில் வலப்பக்கம் இடப்பக்கத்தின் மேல் படிந்து மூடினால் பெண்களுடையது. இடப்பக்கம் மேலே வந்தால் ஆண்களுடையது. வெட்டும் அமைப்பும் வேறுவிதமாகத் தெளிவாகக் காட்டினால் இந்த விதி பொருந்தாது. எப்படிப் பார்த்தும் பிரித்துச் சொல்ல முடியாத ஆடை பெண்கள் தலைப்புக்கே போகும்.

மூன்றாவது நூல்வகை. பணம் பெரிதும் கைமாறுவது இங்கேதான். அமெரிக்கத் தீர்வை அட்டவணையின் பொது விகிதப்படி, நெய்த பட்டுத் துணியில் தைத்த பிளவுஸுக்கு 6.9 சதவீதம். பருத்தி பிளவுஸில் பெரும்பாலானவற்றுக்கு 15.4. பாலியஸ்டர் போன்ற செயற்கை இழையில் பெரும்பாலானவற்றுக்கு 26.9. (2025 முதல் அங்கே விதிக்கப்பட்ட கூடுதல் தீர்வைகள் இந்தக் கணக்கில் இல்லை.) பட்டு உடுத்துபவரைவிட மலிவான பாலியஸ்டர் சட்டை வாங்கும் பெண்ணின் பொருளுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு விகிதம். உள்நாட்டு ஆலைகளைக் காக்கப் போட்ட உயர்ந்த விகிதங்களின் சுமை, வாங்கும் சக்தி குறைந்தவர் தலையிலேயே விடிகிறது. இது அநியாயம்.

கலப்புத் துணியில் எடை அதிகமுள்ள இழையே ஆடையின் இழை. இரண்டும் சரிபாதியாக இருந்தால் அட்டவணையில் பின்னால் வரும் இழைக்குப் போகும். பருத்தி 52ஆம் அத்தியாயம். செயற்கை இழைகள் 54, 55. ஆகவே 50:50 கலவையில் செய்த பின்னல் டி-ஷர்ட் செயற்கை இழை டி-ஷர்ட் ஆகி அமெரிக்காவில் 32 சதவீதம் கட்டுகிறது. பருத்தியின் பங்கு சற்றே கூடிவிட்டால் 16.5 சதவீதம். சி.வி.சி. எனப்படும், பருத்தி கூடிய 60:40 கலவைக்கு ஆர்டர் போடும்போது வியாபாரி தீர்வையையும் சேர்த்தே கணக்குப் பார்க்கிறார்.

தையலின் சிறு விவரமும் எண்ணை மாற்றும். பின்னல் பிளவுஸ் 6106இல் சேர வேண்டுமானால், குறைந்தது 10 செ.மீ.க்கு 10 செ.மீ. பரப்பில் எண்ணிப் பார்க்கையில் ஒவ்வொரு திசையிலும் சென்டிமீட்டருக்குச் சராசரியாக 10 கண்ணியாவது இருக்க வேண்டும். அதற்கும் குறைந்தால் அந்தத் தலைப்பில் இடமில்லை. இடுப்புக்குக் கீழே பாக்கெட் இருந்தாலும், கீழ்விளிம்பை இறுக்கும் நாடாவோ ரிப் பட்டையோ இருந்தாலும் அப்படியே. 2022 திருத்தத்தில் நெய்த சட்டைகளுக்கும் பாக்கெட் விதி சர்வதேச அட்டவணையில் எழுதப்பட்டது.

இந்த விதியை நன்றாகப் பயன்படுத்தியவர்கள் அமெரிக்காவின் கொலம்பியா ஸ்போர்ட்ஸ்வேர் நிறுவனத்தார். அவர்களுடைய பெண்கள் சட்டை சிலவற்றில் கீழ்விளிம்புக்கு அருகே ஒரு சிறு பாக்கெட் இருக்கும்; தொழிலில் அதற்கு 'நர்ஸ் பாக்கெட்' என்று பெயர். அது இருப்பதாலேயே செயற்கை இழைச் சட்டை 6206ஐ விட்டு 'பிற ஆடைகள்' என்னும் 6211க்குப் போகிறது, 26.9 சதவீதம் 16 ஆகிறது. பத்து டாலர் மதிப்புள்ள சட்டைக்கு 2.69 டாலர் கட்டும் இடத்தில் 1.60 டாலர். பத்தாயிரம் சட்டை வந்தால் 10,900 டாலர் மிச்சம். வடிவமைப்பிலேயே தீர்வையைக் குறைப்பது அங்கே சட்டப்படி செல்லும்; பொருளைத் தவறாகச் சொல்லி இறக்குவதுதான் குற்றம்.

ஆண், பெண் எனப் பிரித்து வெவ்வேறு விகிதம் போடுவது பாகுபாடு அல்லவா என்று அமெரிக்க நீதிமன்றத்தில் கேட்டும் பார்த்தார்கள். டோட்ஸ்-ஐசோடோனர் நிறுவனம் தொடுத்த வழக்கில், ஆண்களின் தோல் கையுறைக்கு 14 சதவீதமும் மற்றவர்களுடையதற்கு 12.6 சதவீதமும் இருந்தன. பாகுபாடு காட்டும் நோக்கம் அரசுக்கு இருந்ததாக மனுவில் காட்டப்படவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் வழக்கைத் தள்ளியது. காலணி நிறுவனமான ரேக் ரூம் ஷூஸுக்கும் 2013இல் அதே முடிவுதான்.

நம் புடவையின் கதை வேறு. இந்தியத் தீர்வை அட்டவணையில் பட்டுப் புடவைக்கு 5007 20 10 என்ற எண். வெட்டித் தைக்காத துணி என்பதால் 50ஆம் அத்தியாயத்தில் பட்டுத் துணிகளோடு நிற்கிறது. அதோடு உடுத்தும் தைத்த ரவிக்கை 62ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது.

எண்ணில் ஐயம் இருந்தால் சரக்கு கிளம்பும் முன்பே அமெரிக்கச் சுங்கத் துறையிடம் எழுதிக் கேட்டு, அத்துறையைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பைப் பெறலாம். பழைய தீர்ப்புகள் அத்துறையின் 'கிராஸ்' என்ற இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே ஆடை அனுப்புகிறவர்கள் மாதிரி தைக்கக் கொடுக்கும் முன்பே அவற்றைப் படித்துவிடுவது நல்லது.