கிரீட் தீவில் தின்றதும் நடந்ததும்

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது கிரேக்க நாட்டின் கிரீட் தீவு. தமிழ் வேதாகமம் வாசித்தவர்களுக்கு அது கிரேத்தா தீவு. பவுலைக் கைதியாக ரோமாபுரிக்கு ஏற்றிச் சென்ற கப்பல் அந்தத் தீவின் தென்கரையில் ஒதுங்கியதை அப்போஸ்தலருடைய நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் அந்தத் தீவாரைப் பற்றி ஒரு பழைய வசையும் இருக்கிறது. பொய்யர்கள், வயிறு வளர்க்கும் சோம்பேறிகள் என்று அவர்களில் ஒருவரே சொன்னதாகப் பவுல் எழுதுகிறார். ஞாயிறு பாடசாலையில் அதைப் படித்தபோது நானும் அப்படியே நம்பினேன்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு நோயாளி. நான் மெல்பேர்ணில் தாதியாக வேலை செய்கிறேன். இங்கே கிரேக்கர்கள் அதிகம். பல வருடங்களுக்கு முன் எங்கள் வார்டில் கிரீட்டைச் சேர்ந்த ஒரு வயதான அம்மா இருந்தார். இளம் பெண்ணாகக் கப்பலேறி வந்தவர். வீட்டுக்குப் போகிற நாளில், மத்தியதரைக் கடல் நாட்டு உணவைப் பற்றிய துண்டுப்பிரசுரத்தை வழக்கம்போல அவரிடமும் கொடுத்தேன். ஒலிவ் எண்ணெய், கீரை, பருப்பு, தினமும் நடை என்று படங்களோடு இருக்கும். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மகளே, நாங்கள் இதைத்தான் சாப்பிட்டோம். வேறு ஒன்றும் இருக்கவில்லை" என்றார்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

1941 மே 20ஆம் திகதி ஜெர்மன் படைகள் பாராசூட்டில் கிரீட்டில் இறங்கின. தீவு சில நாட்களில் விழுந்தது. அடுத்த நான்கு வருடங்களில் கந்தனோஸ், வியானோஸ், அனோயியா போன்ற ஊர்கள் எரிக்கப்பட்டன. எதிர்ப்பு இயக்கத்துக்குச் செய்தி கொண்டுபோனவர்கள் மலைப்பாதைகளில் கால்நடையாகவே ஓடினார்கள். அவர்களில் ஒருவர் ஆசி கோனியா ஊர் இடையரான யோர்கோஸ் சைகுந்தாக்கிஸ். அவர் எழுதிய நினைவுகள் 1955இல் ஆங்கிலத்தில் வெளிவந்தன. கிரீட்டாருக்கு நடை என்றால் என்ன என்பதை அந்த ஓட்டக்காரர்களை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

போர் முடிந்தபின், தீவை எப்படி முன்னேற்றுவது என்று ஆராய கிரேக்க அரசு அமெரிக்காவின் ரொக்கபெல்லர் அறக்கட்டளையை அழைத்தது. லேலண்ட் ஆல்பா என்பவர் தலைமையில் 1948இல் கணக்கெடுப்பு நடந்தது. 150 வீட்டுக்கு ஒரு வீடு என்று 765 குடும்பங்களிடம் விபரம் கேட்டார்கள். 128 வீடுகளில் ஏழு நாள் சாப்பாட்டைக் குறித்துக்கொண்டார்கள்.

அந்தக் கணக்கில் தெரிந்த சாப்பாடு இதுதான். வாற்கோதுமை ரொட்டியை இரண்டு தரம் சுட்டு, கல்லுப்போல் காயவைத்து, மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். அதற்குப் பக்சிமாதி என்று பெயர். சாப்பிடும்போது தண்ணீரில் நனைத்து எண்ணெய் விட்டுக்கொள்வார்கள். மழைக்குப் பிறகு பெண்கள் சிறு கத்தியோடு மேட்டு நிலங்களுக்குப் போய்க் காட்டுக்கீரை பிடுங்குவார்கள். கீரைக்குப் பொதுப்பெயர் ஹோர்தா. மழை பெய்தால் நத்தையும் கிடைக்கும். அவரை, கடலை, பயறு, ஒலிவ் பழம், கொஞ்சம் ஆட்டுப்பால் சீஸ். உடலுக்குக் கிடைத்த சக்தியில் விலங்குணவின் பங்கு ஏறக்குறைய 7 வீதம் மட்டுமே. எண்ணெயும் கொழுப்பும் 29 வீதம். அதில் பெரும்பகுதி ஒலிவ் எண்ணெய்.

சபையின் உபவாசங்களும் இதோடு சேர்ந்துகொண்டன. கிழக்கத்திய மரபுச் சபையில் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலம், கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நாற்பது நாள், ஓகஸ்ட் மாத மாதா உபவாசம், பெரும்பாலான புதன், வெள்ளி என்று எல்லாம் கூட்டினால் வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் இறைச்சி, பால், முட்டை இல்லை. நத்தைக்குத் தடை இல்லை. இல்லாதவர்களுக்கு அந்த உபவாசம் ஆறுதலாகவும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டில் இல்லாததைச் சபையும் வேண்டாம் என்று சொல்லும்போது இல்லாமை கொஞ்சம் மரியாதை பெறுகிறது.

நடையும் அப்படித்தான். வீடு மலைச்சரிவில், ஒலிவ் மரங்கள் வேறெங்கோ. கல் பாவிய கழுதைப் பாதையில் கழுதை சுமையைச் சுமக்கும், மனிதர் பின்னால் நடப்பார்கள். 2,456 மீட்டர் உயரமுள்ள சிலோரிதிஸ் மலையில் இடையர்கள் கோடையில் மந்தையோடு ஏறி, கல்லால் கட்டிய வட்டக் குடிசைகளில் தங்கிச் சீஸ் செய்வார்கள். யாரும் உடம்பைக் குறைக்க நடக்கவில்லை.

இந்தச் சாப்பாடு போதுமா என்று ஆல்பாவின் குழு அந்தக் குடும்பங்களிடமே கேட்டது. போதும் என்றவர்கள் ஆறில் ஒரு பங்கினர்தான். மிகவும் பிடித்த உணவு எது என்றதற்கு, 72 வீதமானோர் இறைச்சி என்றார்கள். இந்த இரண்டு விபரமும் எங்கள் துண்டுப்பிரசுரத்தில் இல்லை.

அடுத்து வந்தவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் அன்சல் கீஸ். அவருடைய ஏழு நாடுகள் ஆய்வில் கிரீட்டிலிருந்து 40 முதல் 59 வயது வரையான 686 ஆண்கள் சேர்க்கப்பட்டார்கள். வருடங்கள் போகப்போக, இருதய நோயால் இறந்தவர்கள் கிரீட்டில் மிகக் குறைவு என்று தெரிந்தது. மிகக் கூடுதலாக இறந்தவர்கள் கிழக்கு பின்லாந்தின் ஆண்கள். அவர்களும் காட்டிலும் வயலிலும் கடுமையாக உழைத்தவர்கள்தான். ஆனால் தட்டில் வெண்ணெயும் பாலும் நிறைய இருந்தன. ஆகவே உழைப்பு மட்டும் இருதயத்தைக் காக்கவில்லை. தட்டில் என்ன இருந்தது என்பதும் முக்கியம். கிரீட்டில் எடுத்த உணவுக் கணக்குகளில் ஒன்று தவக்காலத்தில் எடுக்கப்பட்டது என்று பின்னால் குறை சொன்னார்கள். அது நியாயமான கேள்வி. ஆனாலும் பெரிய படம் மாறவில்லை.

மாறியது தீவு. 1962இல் சமாரியா பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்காவாக்கி, அங்கிருந்த ஊராரை வெளியேற்றினார்கள். ஊரார் அன்றாடம் நடந்த அந்த 16 கிலோமீட்டர் பாதையில் இப்போது உல்லாசப் பயணிகள் நடக்கிறார்கள். தெருக்கள் வந்தன, சிறு லொறிகள் வந்தன, கழுதைகள் குறைந்தன. 1948இல் கேட்ட இறைச்சியும் வந்தது. பின்னால் நடந்த ஆய்வுகளில் கிரீட்டாரின் எடையும் கொலஸ்ட்ரோலும் ஏறியிருந்தன. 2010இல் யுனெஸ்கோ மத்தியதரைக் கடல் உணவை மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இதைச் சொல்லி அந்த மக்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பசித்திருந்தவர் பிள்ளைக்கு இறைச்சி கொடுக்க ஆசைப்பட்டது தவறா? அவர்கள் உடம்புக்கு நல்லது செய்த உணவை அவர்கள் தெரிந்தெடுக்கவில்லை. வறுமை அதை அவர்கள் முன் வைத்தது. அந்த உணவு நல்லது என்பது உண்மை. அவர்கள் அதில் திருப்தியாக இருக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

இப்போதும் அந்தத் துண்டுப்பிரசுரத்தை நான் கொடுக்கிறேன். கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கப் பழகிக்கொண்டேன்: "சின்ன வயதில் உங்கள் வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள்?" சிலர் உடனே சொல்வார்கள். சிலர் கொஞ்சநேரம் பேசாமல் இருப்பார்கள். அப்படி இருப்பவரிடம் நான் அவசரப்பட்டு "நல்ல உணவு" என்று சொல்வதில்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்கிறேன்.

சோம்பேறிகள் என்று அவர்களை ஏசிய அந்தப் பழைய ஆள், கழுதைக்குப் பின்னால் ஒருநாள் மலையேறிப் பார்த்திருக்கலாம்.