அரசு மீன் பதப்படுத்தும் ஆலைகளின் உரிமை மாற்றம்

அரசு தன் பணத்தில் கட்டி நடத்திவந்த ஐஸ் ஆலை, உறைபதன ஆலை, மீன் டப்பா ஆலை முதலியவற்றைத் தனியாருக்கோ மீனவர் கூட்டுறவுக்கோ கைமாற்றுவதை இத்தலைப்பு குறிக்கும். தென்னிந்தியாவில் இதை விளங்கிக்கொள்ளக் கேரளத்தைப் பார்ப்பதே நல்லது. கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டத்தின் கதை, 1984இல் பதிவான மத்ஸ்யஃபெட் என்னும் மாநிலக் கூட்டுறவு இணையத்தில் வந்து சேர்கிறது.

1952 அக்டோபர் 17 அன்று இந்தியா, நார்வே, ஐ.நா. ஆகிய மூன்றும் புதுதில்லியில் ஒப்பந்தம் செய்துகொண்டன. அடுத்த ஆண்டே நீண்டகரை, சக்திகுளங்கரை, புத்தன்துறை ஆகிய ஊர்களில் வேலை தொடங்கியது. எஞ்சின் பூட்டிய படகு, ஐஸ் ஆலை, மருத்துவமனை, குடிநீர் எனக் கரைவாழ் மக்களின் பல தேவைகளுக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. பிடிபடும் மீன் கெடாமல் உள்ளூர்ச் சந்தைக்குப் போக வேண்டும், மீனவர் வருமானம் உயர வேண்டும் என்பது தொடக்க நோக்கம். அதே 1953இல் கொச்சியிலிருந்து உறைபதன இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறத் தொடங்கியது. இறாலுக்கு விலை ஏறியதும் விசைப்படகும் இழுவலையும் பெருகின. ஏற்றுமதியாளர்களின் ஆலைகள் வரிசையாக எழுந்தன. திட்டத்தின் பலன் மீனவரைத் தாண்டி வணிகர் கைக்குப் போனதைப் பொருளியலாளர் ஜான் குரியன் 1985இல் வெளியான ஆய்வில் விரிவாகக் காட்டினார்.

திட்டம் 1960களில் கண்ணூர், கார்வார், தமிழ்நாட்டின் மண்டபம் எனப் பரவியது. 1972இல் நார்வேக்காரர்கள் விலகினர். திட்டத்தின் கொச்சி நிலையம் மத்திய அரசின் பொறுப்பில் நீடித்தது. மாநில அளவில் ஆலைத் தொழிலை நடத்தக் கேரளம் 1966இலேயே மீன்வளக் கழகம் ஒன்றை அமைத்திருந்தது.

அரசு ஆலைகள் நட்டப்பட்டால் பழி பெரும்பாலும் நிர்வாகத்தின் மேல் விழும். பழியில் நியாயம் இருக்கலாம். ஆனால் சிக்கலின் வேர் தொழிலின் தன்மையிலேயே இருக்கிறது. விடியற்காலையில் கரை சேரும் இறாலை ஏலம் எடுப்பவர் அங்கேயே, அப்போதே விலை சொல்ல வேண்டும். பிறகு தலை கிள்ளி, ஓடு உரித்து, அளவு வாரியாகப் பிரித்து, அச்சுத் தட்டில் தண்ணீரோடு அடுக்கி, மைனஸ் 40 பாகை செல்சியஸ் வரை குளிரும் தகடுகளுக்கிடையே வைத்துக் கட்டியாக்க வேண்டும். கட்டிகள் மைனஸ் 18 பாகைக்குக் குறையாத குளிரில் கிடங்கில் காத்திருக்கும். கரையில் கொடுத்த பணம் வெளிநாட்டு வாங்குபவரிடமிருந்து திரும்பி வர வாரங்கள் ஆகும். ஏலத்தில் நிற்கும் தனியார் முகவர் நொடியில் விலையைக் கூட்டுவார். அரசுக் கழகத்து ஊழியருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அதைவிட முக்கியமானது, வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் கொடுத்த வணிகருக்கே மீனை விற்றாக வேண்டிய கட்டாயம் மீனவருக்கு இருந்தது. ஆலை எவ்வளவு புதிதாக இருந்தாலும், கடனில் கட்டுண்ட மீன் அதன் வாசலுக்கு வராது.

1980இல் கேரளம் மீனவர் நலச் சங்கங்களுக்கெனச் சட்டம் இயற்றியது. 1984 மார்ச் 19 அன்று மத்ஸ்யஃபெட் பதிவு செய்யப்பட்டது. ஊர்ச் சங்கங்கள் அதன் உறுப்புகளாயின. மீன்வளக் கழகம் கலைக்கப்பட்டு அதன் சொத்தும் கடனும் இணையத்தின் பொறுப்பாயின. இந்தக் கைமாற்றத்தின் பெருமை, ஆலைகளைக் கூறுபோட்டு விற்காமல் மீனவர் அமைப்பிடமே கொடுத்ததில் இருக்கிறது. எனினும் கொடுத்தது அரசு. இணையத்தின் மேல் அரசின் பிடி முழுதாக நீங்கவும் இல்லை. வலை நெய்யும் ஆலைகள், எஞ்சினுக்கும் வலைக்கும் கடன், கடற்கரை ஏலம், நீண்டகரையில் இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் தயாரிப்பு என மத்ஸ்யஃபெட்டின் பணி விரிந்தது. உறைபதன இறால் ஏற்றுமதி பெரும்பாலும் தனியாரிடமே நின்றது.

இதற்கு நேரெதிர் வழியில் வந்தவை திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளின் மீனவர் சங்கங்கள். மரியநாட்டில் முளைத்த முயற்சி பரவி, 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக உருவெடுத்தது. ஆலை எதையும் கேட்டு வாங்காமல், கரையில் நடக்கும் முதல் விற்பனையைச் சங்கங்கள் கைப்பற்றின. சங்கத்தின் ஆளே ஏலம் விடுவார்; விற்ற தொகையில் ஒரு பங்கு கடனுக்கும் ஒரு பங்கு சேமிப்புக்கும் பிடிக்கப்படும். முன்பணத்தின் கட்டு அங்கேதான் அவிழ்ந்தது. உரிமை மாற்றத்தைத் திட்டமிடுவோர் படிக்க வேண்டிய முதல் பாடம் இந்தச் சங்கங்களின் கணக்குப் புத்தகம் என்றே சொல்ல வேண்டும்.

முதல் விற்பனையை மீனவர் கையில் தருவதை நார்வே தன் நாட்டில் முன்பே செய்திருந்தது. அங்கே 1938ஆம் ஆண்டின் பச்சை மீன் சட்டம், முதல் விற்பனையை மீனவர்களின் சொந்த விற்பனை அமைப்புகளுக்கே உரியதாக்கியது. நீண்டகரைக்கு நார்வேயின் எஞ்சின் வந்தது, ஐஸ் ஆலை வந்தது. அந்தச் சட்டத்துக்கு நிகரான ஒன்று வரவில்லை.

அரசு ஆலைகளைக் கைமாற்றிய வேறு நாடுகளும் உண்டு. பெரு நாடு 1973இல் மீன்மாவு ஆலைகளையும் படகுகளையும் தேசியமயமாக்கிப் பெஸ்கா பெரு நிறுவனத்தில் சேர்த்தது. 1976இல் படகுகள் தனியாருக்குப் போயின. ஆலைகள் 1990களில் விற்கப்பட்டன. ஐஸ்லாந்து, 1930இல் தொடங்கிய அரசு ஹெர்ரிங் ஆலைகளை 1993இல் பங்கு நிறுவனமாக்கித் தனியாருக்கு விற்றது.

கைமாறிய பழைய ஆலைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் சுகாதாரக் குறைகளைக் காட்டி இந்தியக் கடலுணவுக்குத் தடை விதித்தது. அதன் பின் தரை, வடிகால், தண்ணீர், உரிக்கும் கூடம் எல்லாவற்றையும் மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. அந்தச் செலவைத் தாங்கும் முதல் இல்லாமல் கூட்டுறவிடம் கொடுக்கப்படும் ஆலை, பூட்டுவதற்கென்றே கொடுக்கப்பட்டதாகும்.

தமிழ்நாடு உரிமை மாற்றத்தில் இறங்கவில்லை. 1974இல் அமைந்த தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் இன்றும் அரசு நிறுவனம். தூத்துக்குடியின் ஏற்றுமதி ஆலைகள் தனியார் கையில் வளர்ந்தன. இறால் உரிக்கும் பெண்களோ இரு மாநிலங்களிலும் பெருமளவு ஒப்பந்தக்காரரின் கீழ், உரித்த எடைக்குக் கூலி வாங்குபவர்களாகவே இருந்துவருகிறார்கள். ஆலையின் உரிமையில் அவர்களுக்குப் பங்கு தரும் ஏற்பாட்டுக்கு மேற்சொன்ன கைமாற்றங்களில் இடம் இருந்ததில்லை.