கடைக் கணக்கும் கடமைக் கணக்கும்

சிறு வணிகன் வீழ்வதற்கு முதல் இன்மையே காரணம் என்பர். முதல் இருந்தும் கணக்கின்மையால் வீழ்ந்தோர் பலர். இதனை ஆராயத் தொலைநாடு செல்ல வேண்டுவதில்லை. மதுரைக்குத் தெற்கே திருமங்கலம் முதல் விருதுநகர், அருப்புக்கோட்டை, சிவகாசி வரை பரந்த கரிசல் சமவெளியே போதிய சான்று தரும்.

19ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் வண்டிகளில் சரக்கேற்றி வந்து இவ்வூர்களில் நிலைபெற்றனர். கள்வருக்கு அஞ்சிப் பேட்டைகள் அமைத்தனர். ஊர்தோறும் உறவின்முறை கண்டனர். கைமாறும் சரக்கின் அளவுக்கேற்ப ஒவ்வொருவரும் 'மகமை' செலுத்தினர். வந்த மூட்டை எத்தனை, விற்றது எத்தனை என்று அறியாதவன் மகமையைச் செலுத்துவது எங்ஙனம்? ஆகவே பொதுநலக் கடமையே தனிமனிதனைக் கணக்கெழுதப் பழக்கியது எனலாம். சிட்டையும் பேரேடும் அவன் கடையில் இடம்பெற்றன.

அந்நாளில் விருதுபட்டி எனப்பட்ட விருதுநகரில் 1889இல் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. மகமைப் பணம் கல்வியாக மாறியது. பின்னாளில் காமராசர் பயின்றதும் அங்கேதான். 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றிற்று. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி உருவாகி, 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. கணக்கு ஒன்றே இவ்வுயர்வைத் தந்தது என்று சொல்வது மிகையாகும். உழைப்பும் ஒற்றுமையும் உடன் நின்றன. ஆனால் கணக்கின்றி அவ்வொற்றுமை நிலைத்திராது.

வட்டி நமக்கு விலக்கப்பட்டது. எனவே அவ்வங்கி நமக்கு முன்மாதிரி ஆகாது. அதற்கு அடித்தளமான கணக்கோ நமக்குப் புதியதன்று. திருமறையின் மிக நீண்ட ஆயத், சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியதே. தொகை சிறிதாயினும் எழுதச் சோர்வடைய வேண்டா என்பது அதன் அறிவுரை. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்குவாரிஸ்மி இயற்றிய அல்ஜப்ர் நூலும் வாரிசுரிமை, வாணிகம் ஆகியவற்றின் தேவைகளைக் கருதியே எழுந்தது.

ஜகாத்தைப் பாருங்கள். ஹனபி மத்ஹபின்படி வணிகன், சந்திர ஆண்டு நிறைந்ததும் கைரொக்கத்தையும், சரக்கிருப்பின் அன்றைய மதிப்பையும், வரவேண்டிய கடனையும் கூட்டி, தான் கொடுக்க வேண்டிய கடனைக் கழித்து, எஞ்சியது நிசாபை எட்டினால் நாற்பதில் ஒரு பங்கு ஈதல் வேண்டும். இதுவே ஐந்தொகை! இதனை ஒழுங்காகச் செய்பவனுக்குத் தேங்கிய சரக்கும் திரும்பாத கடனும் கண்முன் நிற்கும். கடைப்பணம் வீட்டுச் செலவில் கரைவதும் புலப்படும். ரமலானில் மனம்போன போக்கில் ஒரு தொகையை ஈந்துவிடுபவன், கடமையையும் நிறைவேற்றியவனாகான்; தன் கடையின் நிலையையும் அறியான்.

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் சட்டம் வந்தது. எனினும், வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று எழுதி வைக்காதவன் எச்சட்டத்தின் முன் எதைக் காட்டுவான்?

எனவே மதரஸாக்களில் ஜகாத் பாடம் நடக்கும்போது, மாணவர் கையில் ஒரு பேரேட்டையும் கொடுப்போமாக. பிக்ஹுச் சட்டத்தை ஓதும் நா, அதன்படி ஒரு பெட்டிக்கடையின் ஆண்டுக் கணக்கைத் தீர்க்கவும் அறியட்டும். நாளை அவர்களுள் பலர் கடை வைப்பவர்களே.