உரிமமும் உறுப்பும்

புனே மாவட்டத்தின் முல்ஷி வட்டத்தில் ஹிஞ்சேவாடி என்றோர் ஊர் உண்டு. அங்கே இன்று ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்கா விரிந்து கிடக்கிறது. அதன் கண்ணாடி மாளிகைகளைக் காண்போர், கணிப்பொறி இந்நாட்டில் என்றுமே எளிதாகக் கிடைத்த பண்டம் என்று எண்ணக்கூடும். சரித்திரம் அவ்வாறு கூறவில்லை.

'லைசென்ஸ்' என்னும் சொல்லுக்கு இத்துறையில் இரு பொருள் உண்டு. ஒன்று, அரசாங்கம் அளிக்கும் அனுமதி. 1951ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட தொழில்களைத் தொடங்க அத்தகைய அனுமதியைக் கட்டாயமாக்கிற்று. வெளிநாட்டு உறுப்புகளை வரவழைக்க இறக்குமதி உரிமம் தனியே வேண்டியிருந்தது. மற்றொன்று, பொறியை அமைத்த நிறுவனம் அதனைப் பிறர் செய்துகொள்ளத் தரும் சம்மதம். 1973ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி தன் பங்கைக் குறைத்துக்கொள்ள இசையாத ஐ.பி.எம். நிறுவனம் 1978இல் வெளியேறிற்று. 1984 நவம்பரில் வந்த கணிப்பொறிக் கொள்கை கட்டுகளைச் சற்றே தளர்த்தியது.

அதன் பயனாக, வீட்டு மேசையில் கணிப்பொறி வைத்துப் பழக விழைந்த சிறு கூட்டத்தினருக்கும் ஒரு வழி பிறந்தது. பிரிட்டனின் ஸ்பெக்ட்ரம் பொறியை, டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் என்ற இந்திய நிறுவனம் உரிமம் பெற்று விற்றது. பள்ளிகளுக்கான 'கிளாஸ்' திட்டம் 1984-85இல் பி.பி.சி. மைக்ரோவைக் கொண்டு தொடங்கிற்று; அப்பொறியை மொகாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 'யூனிகார்ன்' என்ற பெயரில் செய்தது.

உரிமம் கிட்டியும் இடர் தீரவில்லை. ஸ்பெக்ட்ரத்தின் மையச் சில்லாகிய இசட்-80ஐப் பல நிறுவனங்கள் செய்தன. நினைவகச் சில்லுகளும் பலரிடம் கிடைத்தன. ஆனால் திரை, விசைப்பலகை, ஒலிநாடா ஆகியவற்றை ஆண்ட 'யு.எல்.ஏ.' சில்லோ அப்பொறிக்கென்றே பணித்துச் செய்யப்பட்டது. அது பழுதுற்றால் கடைவீதியில் மாற்று இல்லை. 1986இல் ஸ்பெக்ட்ரம் உரிமை ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1992இல் உற்பத்தியே நின்றது. ஊற்று வற்றிய பின் வாய்க்காலுக்கு உரிமை இருந்து பயன் என்ன? உள்நாட்டிலேயே சில்லு செய்யலாம் என்ற நம்பிக்கைக்கும், 1989 பிப்ரவரியில் மொகாலி ஆலையில் மூண்ட தீ பேரிடியாயிற்று.

புனேயில் 1988இல் தோன்றிய சி-டாக் நிறுவனம் 1991இல் 'பரம் 8000' என்னும் மீக்கணிப்பொறியை உருவாக்கியது. அமெரிக்கா தன் பெருங்கணிப்பொறியைத் தர மறுத்த நிலையில் இது அருஞ்சாதனையே. எனினும் அதனுள் இயங்கிய டிரான்ஸ்பியூட்டர் சில்லுகள் பிரிட்டனின் இன்மாஸ் நிறுவனத்தவை.

2023 ஆகஸ்டில் மடிக்கணினிகளுக்கும் மிகச் சிறு கணிப்பொறிகளுக்கும் இறக்குமதி உரிமம் வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது. பின்னர் அதனைத் தள்ளிவைத்து, எளிய அனுமதி முறையொன்றை ஏற்படுத்தியது. அயலாரை நம்பியிருத்தல் குறைய வேண்டும் என்னும் நோக்கம் நியாயமானதே. ஆனால் வாயிலை அடைப்பதால் மட்டும் வீட்டில் தானியம் விளைவதில்லை. சில்லு செய்யும் ஆலையும், அதனைப் பழுதுபார்க்கும் கையும், விரும்பிக் கற்கும் இளைஞனுக்கு உறுப்பு எட்டும் விலையும் ஒருசேர அமைந்தாலன்றி, உரிமம் வெறும் காகிதமாகவே நிற்கும்.