பழுப்பு ஒயர் எந்த ஊர்க்காரன்? லாரி ஹெட்லைட்டுக்குள் ஒரு வரலாறு

கூமாப்பட்டி பேரை 2025-இல் ஒரு இன்ஸ்டாகிராம் வீடியோ தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. பிளவக்கல் அணையும் மலையடிவாரமும் எல்லோருக்கும் தெரியும். நான் இங்கே பேசப்போவது அந்தப் பக்கத்துத் தேங்காய் லாரிகளைப் பற்றி. லோடு ஏற்றி வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் வழியாகத் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டால், ஒரு பக்கம் மதுரை. இன்னொரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு கணவாய். ஓட்டம் பெரும்பாலும் ராத்திரியில்தான்.

அந்த ரோட்டில் ராத்திரி பைக் ஓட்டியவர்களுக்கு ‘ஒத்தக்கண்’ லாரி என்றால் என்னவென்று தெரியும். ஒரு ஹெட்லைட் செத்த லாரி தூரத்தில் பைக் மாதிரியே தெரியும். ‘ஒதுங்க இடம் இருக்கு’ என்று நினைத்து வருகிறவனுக்குக் கிட்டத்தில் வந்த பிறகுதான் எட்டடி அகலம் கண்ணில் படும். சில சமயம் அந்த உயிர் ஒரு துருப்பிடித்த எர்த் போல்ட்டில் தொங்குகிறது.

சரி, பழுதைப் பார்ப்பதற்கு ஏன் வரலாறு? நம்ம ஊர் லாரியின் ஒயரிங் ஒரே ஆள் எழுதியது இல்லை என்பதால்தான்.

1948-இல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. லேலண்ட் பிரிட்டிஷ் கம்பெனி. பிரிட்டிஷ் வண்டிகளின் மின்சாமான் என்றால் பெரும்பாலும் பர்மிங்காம் நகரத்து லூகாஸ். மதுரையில் 1912-இல் பஸ் விட்ட டி.வி. சுந்தரம் ஐயங்காரின் குழுமம் அந்த லூகாஸோடு சேர்ந்து 1961-இல் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியது. சென்னை பாடியில் ஆலை. ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் உள்ளூரிலேயே வர ஆரம்பித்தன.

வடக்கே இன்னொரு கதை. 1954-இல் டாட்டாவின் டெல்கோ, ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தது. 1969-இல் ஒப்பந்தம் முடிந்து மூக்கில் இருந்த நட்சத்திரம் போன பிறகும், பழைய டிரைவர்கள் வாயில் அது ‘பென்ஸ் லாரி’தான். ஜெர்மன் வண்டிகளின் மின்சார இலக்கணம் பாஷ் கம்பெனி வழியில் வந்தது.

இந்த இரண்டு இலக்கணமும் எவ்வளவு முரண்டு என்பதை ஒரே ஒரு ஒயரை வைத்துச் சொல்லிவிடலாம். பிரிட்டிஷ் முறையில் பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது, எப்போதும் கரண்ட் இருக்கும். ஜெர்மன் முறையில் அதே பழுப்பு எர்த். பிரிட்டிஷ்காரனுக்குக் கறுப்பு எர்த். ஜெர்மன்காரனுக்குக் கறுப்பு, சாவி போட்டதும் கரண்ட் வரும் ஒயர். ஹெட்லைட்டில் லூகாஸ் முறைக்கு நீலம்தான் குடும்ப நிறம்: நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். ஜெர்மன் முறையில் வெள்ளை பிரைட், மஞ்சள் டிம். நிறத்தோடு எண்ணும் உண்டு: 30 பேட்டரி, 31 எர்த், 56ஏ பிரைட், 56பி டிம். இன்றைக்கும் ரிலே, சுவிட்சுகளின் முதுகில் இந்த எண்களைப் பார்க்கலாம்.

ஒரு முறையில் கை பழகினவர் மற்றதைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ராஜபாளையம் பக்கத்தில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் இதைக் கேட்டேன். “கலர நம்புனா கை சுடும் தம்பி. டெஸ்ட் லேம்ப்ப நம்பு” என்றார். இரண்டு முறையையும் பார்த்துப் பார்த்து வந்த புத்தி அது.

மூன்றாவதாக ஒரு கை நம்முடையது. ரொம்ப காலம் இங்கே லாரி, கேபின் இல்லாத சேஸிஸாகத்தான் விற்றது. நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில்தான் பாடி கட்டுவார்கள். ஹெட்லைட் கம்பெனி ஒயரிங்கில் வரும். நெற்றி விளக்கு, சைடு விளக்கு, கேபின் விளக்கு, சாமி படத்துச் சீரியல் எல்லாம் பட்டறை ஒயரிங். கையில் எந்தக் கலர் கிடைத்ததோ அந்தக் கலர். அதிலும் கனரக லாரி 24 வோல்ட், அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக. பாட்டுப்பெட்டியோ 12 வோல்ட். நடுவில் ஒரு ஒயர் போட்டு ஒரே பேட்டரியிலிருந்து இழுத்துவிடுவார்கள். அந்தப் பேட்டரி இளைக்கும், இன்னொன்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிக் கொதிக்கும். கடைசியில் பழி ஹெட்லைட் மேல்.

இனி பழுதுக்கு வருவோம். 24 வோல்ட்டில் 75 வாட் பல்பு மூன்று ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும். ஆனால் இழை பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். அதனால் ‘எரியுது, ஆனா மங்கல்’ என்பதும் பழுதுதான்.

இரண்டு பக்கமும் ஒன்றாகப் போனால் பொதுவான இடத்தைப் பாருங்கள்: சுவிட்ச், ரிலே, பியூஸ். பழைய வண்டியில் காலால் மிதிக்கும் டிப்பர் சுவிட்ச். தரையில் சேறும் தண்ணீரும் குடித்தே கெட்டுப்போகும். பல்பு அடிக்கடி பியூஸ் ஆனால், எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் வோல்டேஜ் பாருங்கள். 28 சொச்சத்துக்கு மேல் ஏறினால் ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர்மேல்தான் சந்தேகம்.

ஒரு பக்கம் மட்டும் மங்கினால், அந்தப் பக்கத்துக் கனெக்டரையும் எர்த்தையும் பாருங்கள். டிம் போட்டால் ஒரு பல்பில் இரண்டு இழையும் லேசாகச் சிவக்கிறதா? டேஷ்போர்டில் பிரைட் விளக்கும் மினுக்குகிறதா? அந்தப் பல்புக்கு எர்த் பிடிக்கவில்லை. வெளியே போக வழியில்லாத கரண்ட், பிரைட் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், எதிர்ப்பக்க பல்பில் எர்த் தேடுகிறது. பேட்டரி நெகட்டிவிலிருந்து தனி ஒயர் ஒன்றைப் பல்பின் எர்த்தில் தொட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் முடிந்தது. பல்பு மாற்ற வேண்டாம், பெயிண்டையும் துருவையும் சுரண்டி போல்ட்டை முடுக்கினால் போதும். கணவாய் மழையில் ஓடும் வண்டிக்கு இந்தப் பழுது சகஜம்.

செய்யக் கூடாதது ஒன்று: பியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய பியூஸோ செம்புக் கம்பியோ வைப்பது. அப்புறம் உருகுவது பியூஸ் இல்லை, ஒயர். தேங்காய் மட்டை லோடுக்கு அது தீ.

இப்போது வருகிற வண்டிகளில் விளக்கை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி பார்த்துக்கொள்கிறது. பழைய டெஸ்ட் லேம்ப்பைக் கண்ட இடத்தில் குத்தினால் அந்தப் பெட்டியே போகலாம், மீட்டர்தான் வேண்டும். ஆனால் பழைய லாரிகள் இன்னும் ரோட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் பர்மிங்காம் கொஞ்சம், ஜெர்மனி கொஞ்சம், நாமக்கல் கொஞ்சம். எது எங்கே போகிறது என்பது அதைப் பார்த்த எலக்ட்ரீஷியன் தலையில் மட்டும் இருக்கிறது, அவருக்கும் வயசாகிறது. லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ஒயரிங் வேலை நடக்கும்போது கூட உட்கார்ந்து, எந்தக் கலர் எந்த விளக்குக்கு என்று ஒரு அட்டையில் எழுதி வாங்கி, கேபின் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். நடுராத்திரி ஆரியங்காவில் விளக்கு நின்றால் அந்த அட்டைதான் கைகொடுக்கும்.