கண்டி அரச குலத் திருமண உறவுகள்

1594 முதல் 1815 வரை இலங்கையின் மத்திய மலைநாட்டை ஆண்ட கண்டி மன்னர்கள் பெண் கொண்ட வழிகளும், அவ்வழியே அரியணை கைமாறிய முறையும் இத்தலைப்பில் அடங்கும். இன்றைய நுவரெலியா மாவட்டத்தின் ஹங்குராங்கெத்த, வலப்பனை, கொத்மலைப் பகுதிகள் அவ்வரசின் உள்நாடாக இருந்தன. ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகர் தடம் போக அன்று பெரும்பாலும் காடே.

அரச குலங்கள் மணத்தால் நாடு சேர்ப்பது உலகெங்கும் கண்ட வழக்கம். ஃபிளாண்டர்ஸ் கோமகனின் மகள் மார்கரெட் 1369இல் பர்கண்டிக் கோமகன் பிலிப்பை மணந்தார். 1384இல் தந்தை இறந்ததும் ஃபிளாண்டர்ஸ் பர்கண்டியோடு சேர்ந்தது. அங்கே பெண்ணோடு நிலம் போயிற்று. கண்டியில் நிலம் எங்கும் போகவில்லை. பெண்ணோடு வந்த மைத்துனன் அரசனானான்.

குசுமாசன தேவி

கண்டியை ஆண்ட கரல்லியத்தே பண்டார, சீதாவாக்கை முதலாம் இராஜசிங்கனின் படையெடுப்புக்குத் தோற்று 1582இல் திருகோணமலைப் பக்கம் ஓடி, அங்கே அம்மைநோயால் இறந்தார். அவருடைய சிறுமகள் போர்த்துக்கேயர் கைக்குப் போனாள். மன்னாரில் வளர்ந்த அவளுக்கு அவர்கள் இட்ட பெயர் தோனா கத்தரீனா. சிங்கள மரபில் அவள் குசுமாசன தேவி.

வாரிசுப் பெண் தம்மிடம் இருக்கும்வரை மலைநாடும் தம்முடையதே என்று போர்த்துக்கேயர் கணக்கிட்டார்கள். 1594இல் தளபதி பேத்ரோ லோப்பெஸ் த சூசா பெரும்படையோடு அவளைக் கண்டிக்கு அழைத்துச் சென்று அரசியாக முடிசூட்டினார். மலைநாட்டார் அவளை மகிழ்ச்சியோடுதான் வரவேற்றார்கள். ஆனால் அவளை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்ற கேள்வி எழுந்ததும் நிலைமை மாறியது. போர்த்துக்கேயன் ஒருவனுக்கே அவளை மணமுடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் பரவ, மக்கள் கொனப்பு பண்டாரவின் பக்கம் சாய்ந்தார்கள். அவரும் போர்த்துக்கேயரிடம் ஞானஸ்நானம் பெற்று, அவர்கள் படையில் பணிபுரிந்து, பிறகு பிரிந்து வந்தவர். தந்துறைப் போரில் போர்த்துக்கேயப் படை அழிந்தது, தளபதியும் மடிந்தார். வென்றவர் அரசியைச் சிறைப்பிடித்து மணந்து, முதலாம் விமலதர்மசூரியன் என்ற பெயரில் ஆட்சியைத் தொடங்கினார். அந்த ஒரு மணத்தால் அவருடைய அரசுரிமை கேள்விக்கு இடமற்றதாயிற்று.

1604இல் அவர் இறந்ததும், அவருடைய உறவினரும் முன்னாள் துறவியுமான செனரத் அதே அரசியை மணந்து அரசரானார். இருமுறையும் அரியணைக்குத் திறவுகோல் அவளே. அவள் விருப்பத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் 1613இல் இறந்தாள்.

மதுரைச் சம்பந்தம்

செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கன் (1635–1687) காலத்தில் மதுரைப் பக்கம் பெண்ணெடுக்கும் வழக்கம் தெளிவாகத் தெரிகிறது. 1660இல் பிடிபட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், பட்டத்தரசி கடல்கடந்து வந்த பெண் என்றும், அரசன் அவளைக் கண்டியிலேயே விட்டுவிட்டு வேறிடத்தில் வாழ்ந்தான் என்றும் எழுதுகிறார். அந்த வேறிடம் ஹங்குராங்கெத்த. 1664இல் கிளர்ச்சிக்காரர்கள் சிறுவனான இளவரசனை அரசனாக அறிவித்தபோது, அரசனின் சகோதரி அவனைக் கூட்டிக்கொண்டு அரசனிடமே ஓடிவிட்டாள், கிளர்ச்சி கலைந்தது. அதன் பின்னரே அரசன் மலைகள் சூழ்ந்த ஹங்குராங்கெத்தவில் நிலைகொண்டான்.

ரதல எனப்பட்ட உயர்குடிப் பிரபுக்களின் வீட்டில் பெண்ணிருக்கக் கடல்தாண்டியது ஏன்? பட்டத்தரசி சூரிய வம்சத்து க்ஷத்திரியப் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. ரதலப் பெண்களை அரசர் துணைவியாகக் கொள்ளலாம். பிள்ளைகளுக்கு முடியுரிமை இல்லை. விதிக்குப் பின்னால் பிரபுக்களின் பொறாமையும் இருந்தது. பக்கத்து வளவுக்காரன் அரசனுக்கு மாமனாராவதைவிட, ஊரில் வேரில்லாத, மதுரைப் பக்கத்து நாயக்கர் ஒருவர் மேலே இருப்பதே அவர்களுக்குச் சம்மதம்.

இது 1739இல் வெளிப்பட்டது. கண்டி மன்னர் நரேந்திரசிங்கனுக்குப் பட்டத்தரசியிடம் பிள்ளையில்லை. ரதலப் பெண்ணுக்குப் பிறந்த உனம்புவே பண்டார உயிரோடிருந்தும், பட்டத்தரசியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன் அரசனானார். அவருக்கும் பிள்ளையில்லை, 1747இல் அவருடைய மனைவியின் தம்பி கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் பதின்ம வயதில் பட்டமேற்றார். 1782இல் அவர் தம்பி ராஜாதிராஜசிங்கன் வந்தார். இவர்கள் மதுரை அரச குலத்தின் நேர்வழியினர் அல்லர். அதன் உறவு வட்டத்தைச் சேர்ந்த தெலுங்கு வடுகர். மதுரை நாயக்க அரசோ 1736இலேயே முடிந்துவிட்டது. பெண்ணழைக்கப் போகும் தூதுக்குழுவுக்குக் கப்பல் கொடுத்தது ஒல்லாந்தக் கம்பனி. துறைமுகங்கள் அதன் கையில் இருந்ததால் கண்டி கேட்டுப் பெற வேண்டியிருந்தது. மணப்பெண்ணோடு தகப்பன், தமையன், சித்தப்பன் என்று குடும்பமே வந்து கண்டி நகரில் தனித்தெரு கண்டது. சைவமும் வைணவமும் அறிந்த அக்குடும்பத்தின் கீர்த்தி ஸ்ரீதான் 1753இல் சீயத்திலிருந்து துறவிகளை வரவழைத்து, உபசம்பதா எனும் பௌத்தத் துறவியர் உயர்தீட்சையை மீட்டார். ஆயினும் 1760இல் சில பிரபுக்களும் துறவிகளும் சீய இளவரசன் ஒருவனை அவருக்குப் பதில் அமர்த்தச் சதி செய்தனர்.

முடிவு

1798இல் சூழ்ச்சிக்காரரான முதலமைச்சர் பிலிமத்தலாவை அதிகாரம், கண்ணசாமி என்ற இளைஞனை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக அமர்த்தினார். ராஜாதிராஜசிங்கனின் மைத்துனன் முத்துசாமி ஆங்கிலேயரிடம் போனார். 1803இல் அவர்கள் அவரைக் கண்டியில் அரசனாக்கி, காக்க முடியாமல் பறிகொடுத்தார்கள். பின்னர் அதிகாரம் தம் மகனுக்குக் கீர்த்தி ஸ்ரீயின் துணைவி வழிப் பேத்தியை மணமுடிக்க முயன்றபோது, அரியணைக்கே குறி என்று அரசன் எடுத்துக்கொண்டான். அது அதிகாரத்தின் தலைக்கே வினையாயிற்று.

1815 பிப்ரவரி 18இல் அரசன் பிடிபட்டான். மார்ச் 2 உடன்படிக்கை அவனை நீக்கியதோடு நில்லாமல், அவனுடைய ஆண் உறவினர் எவரும் கண்டி மாகாணங்களுக்குள் நுழையக்கூடாது என்றது. 1816இல் வேலூருக்கு அனுப்பப்பட்ட அவன் 1832 ஜனவரி 30இல் அங்கே இறந்தான். இதற்கிடையே 1817–18 ஊவா, வலப்பனைக் கிளர்ச்சியின் தலைவன் தன்னை நாயக்க உறவினன் துரைசாமி என்று சொல்லித்தான் ஆள்திரட்ட முடிந்தது.

வேலூர்ப் பாலாற்றங்கரையில் முத்து மண்டபமும், ஹங்குராங்கெத்தவில் பொத்குல் விகாரையும் இன்று உள்ளன. பிற்காலத்தில் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தமிழரின் வரலாறு வேறு.